மட்டன் பறவை என்று ஒரு பறவை கிடையாது

மட்டன் என்ற சொல்லைக் கேட்டதும் பிரியாணி ஞாபகம் வந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை. அந்தச் சொல்லின் வேலையே அதுதான். உயிரோடு மேய்வது ஆடு; தட்டுக்கு வந்தபின் மட்டன். (இங்கிலீஷ்காரருக்கு அது செம்மறி, தமிழ்நாட்டுக் கறிக்கடையில் பெரும்பாலும் வெள்ளாடு. அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.) மேய்கிற ஆட்டைக் காட்டி "அதோ ஒரு மட்டன் போகிறது" என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு கடற்பறவையைத் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பறவை வானத்தில் பறக்கிறது. பெயர் 'மட்டன் பேர்ட்'. யாரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. பெயர் அசிங்கமாக இருக்கிறது என்பதல்ல புகார். கறி தின்பது பாவம் என்பதும் அல்ல. அந்தப் பெயர் பொய் சொல்கிறது என்பதுதான் புகார். பல பறவைகளை ஒன்றாக்கிக் காட்டுகிறது. ஒரே பறவையை இரண்டாக்கியும் காட்டுகிறது. இரண்டிலும் நஷ்டம் பறவைக்கு.

எந்தப் பறவை?

டாஸ்மேனியாவில் ஒருவர் 'மட்டன் பேர்ட்' என்றால் அவர் சொல்வது குட்டைவால் ஷியர்வாட்டர். நியூசிலாந்தின் தென்கோடியில் ஒருவர் அதே பெயரைச் சொன்னால் அது கரும்புகை நிறத்து ஷியர்வாட்டர். நியூசிலாந்தின் வடபகுதியில் 'வடக்கத்தி மட்டன் பேர்ட்' என்பது சாம்பல்முகப் பெட்ரல். அது வேறு பேரினம். ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர் நகரை ஒட்டி 'மட்டன் பேர்ட் தீவு' என்றே ஒரு தீவு இருக்கிறது. அங்கே கூடு கட்டுவது ஆப்புவால் ஷியர்வாட்டர். முதன்முதலில் இந்தப் பெயரைச் சுமந்ததாகச் சொல்லப்படும் பறவையோ இந்த நான்கும் இல்லை, ஐந்தாவது ஒன்று. அதன் கதை கொஞ்சம் பிறகு வரும்.

ஐந்து பறவைகள், ஒரு பெயர். ஐந்துக்கும் பொதுவானது என்ன? நிறம் அல்ல, குரல் அல்ல, பறக்கும் விதம் அல்ல. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும், குஞ்சு கொழுகொழுவென்று இருக்கும், மனிதன் கை விட்டு எடுக்கலாம், தின்னலாம். அவ்வளவுதான் பொதுத்தன்மை. பறவையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது. பசித்த வயிறு வைத்த பெயர்.

அந்தப் பறவை உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். குட்டைவால் ஷியர்வாட்டரையே எடுத்துக்கொள்வோம். எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டர். செப்டம்பர் கடைசியில் பாஸ் நீரிணைத் தீவுகளுக்கு வந்து சேரும். போன வருடம் இருந்த அதே வளை, பெரும்பாலும் அதே துணை. நவம்பர் 25-ஐ ஒட்டிய சில நாட்களுக்குள் மொத்தக் கூட்டமும் முட்டையிட்டு முடித்துவிடும். ஒரு ஜோடிக்கு ஒரே முட்டை. அது உடைந்தால் அந்த வருடம் அவ்வளவுதான், இரண்டாவது கிடையாது. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் இரை தேடித் தெற்கே அண்டார்டிகாவை நோக்கிய குளிர்நீர் வரை போய்வரும். சில பயணங்கள் இரண்டு வாரம்கூட நீளும். நீருக்குள் 60 மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும். குஞ்சு பெற்றோரைவிடக் கனத்துப் போகும். ஏப்ரலில் பெற்றோர் குஞ்சை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் குஞ்சு தனியாகக் கிளம்பும். வழி சொல்ல யாரும் இல்லை. எங்கே போகும் தெரியுமா? பசிபிக் கடலைக் குறுக்கே கடந்து, அலாஸ்கா பக்கம், பேரிங் கடலுக்கு. ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர்.

இவ்வளவும் செய்கிற ஒன்றுக்கு 'மட்டன்' என்று பெயர்!

'ஷியர்வாட்டர்' என்ற பெயர் ஒன்றும் கவிதை இல்லைதான். ஆனால் அதில் ஒரு கண் இருக்கிறது. இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, அதன் நுனி அலையைச் சீவுவது போலப் பறக்கும் பறவை என்று அர்த்தம். யாரோ ஒருவர் கப்பல் தளத்தில் நின்று அந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார். 'மட்டன்' என்று சொன்னவர் பார்த்தது சட்டியை.

நார்ஃபோக் தீவு, 1790

பெயர் பிறந்த இடமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது நார்ஃபோக் தீவு. 1788-ல் ஆங்கிலேயர் சிட்னியில் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கிய கையோடு இந்தச் சிறு தீவிலும் ஒரு கிளை வைத்தார்கள். 1790 மார்ச் 19 அன்று 'சிரியஸ்' என்ற கப்பல் அந்தத் தீவின் பாறையில் மோதி உடைந்தது. தீவில் ஐந்நூறு பேருக்கு மேல். உணவு இருப்பு குறைவு. ராணுவச் சட்டம் போட்டு ரேஷன் நடத்தினார்கள்.

அப்போது கைகொடுத்தது ஒரு பறவை. தீவின் பிட் மலையில் குளிர்காலத்தில் வளை தோண்டி முட்டையிடும் ஒரு பெட்ரல். மனிதனைக் கண்டு பயம் அறியாத பறவை. இன்றைக்கும் லார்ட் ஹோவ் தீவில் மலை மேல் நின்று உரக்கக் கத்தினால் அந்த இனப் பறவைகள் வானத்திலிருந்து தொப்பென்று காலடியில் வந்து இறங்கும். அவ்வளவு வெகுளி. ராத்திரி தீப்பந்தத்தோடு மலையேறினால் போதும், மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை அடித்த பறவைகளுக்கு ஓர் அதிகாரி நாட்குறிப்பில் கணக்கு வைத்திருக்கிறார். 1,70,000-க்கும் மேல்.

பசியில் தின்றதைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பறவை இல்லாவிட்டால் அங்கே பலர் செத்திருப்பார்கள். அவர்களுக்கே அது தெரிந்திருந்தது. அதனால்தான் இன்னொரு பெயரும் வைத்தார்கள்: 'பிராவிடன்ஸ் பறவை', அதாவது கடவுளின் கருணையால் வந்த பறவை. கொழுப்பு மிகுந்த அந்தக் கறி ஆட்டுக்கறி போல இருந்ததால் இன்னொரு பக்கம் 'பறக்கும் ஆடு', 'மட்டன் பறவை'. நன்றி சொல்ல ஒரு பெயர், தின்ன ஒரு பெயர்.

எது ஜெயித்தது? 1800 வாக்கில் நார்ஃபோக் தீவில் அந்தப் பறவை ஒன்றுகூட மிச்சமில்லை. வேட்டை பாதி, கொண்டுவந்து விட்ட பன்றிகள் மீதி. பத்தே வருடம். லார்ட் ஹோவ் தீவின் மலையுச்சிகளில் ஒரு கூட்டம் இருந்ததால் இனம் தப்பியது. பறவை போனபின்பும் 'மட்டன்' போகவில்லை. அந்தப் பெயர் கப்பலேறி, கொழுத்த குஞ்சு கிடைத்த அடுத்தடுத்த கரைகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. முதல் சொந்தக்காரன் ஊரில் அழிந்துபோன பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம் இது. நல்ல சகுனம்தான்!

பெயர் வைக்காதவர்கள்

1798 டிசம்பரில் மேத்யூ ஃப்ளிண்டர்ஸ் பாஸ் நீரிணையில் ஒரு காட்சியைப் பார்த்தார். கரிய பறவைகள் ஆறு போல ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரம் அந்த ஓட்டம் அறுபடவில்லை. அகலம், உயரம், வேகம் எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டார். பத்துக் கோடிக்கும் மேல். அவர் குறிப்பில் அவை 'கரிய பெட்ரல்'கள்.

ஆனால் அந்தக் கரையில் மனிதர்கள் பல்லாயிரம் வருடமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு அது 'யோலா'. இன்றும் டாஸ்மேனியாவின் வடமேற்கில் யோலா என்று ஓர் ஊர் இருக்கிறது. அவர்களும் தின்றார்கள். முட்டையையும் குஞ்சையும் எடுத்தார்கள். ஆனாலும் பறவை ஃப்ளிண்டர்ஸ் பார்த்த அளவுக்கு மிச்சமிருந்தது.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். கடல்நாய் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். பழங்குடிப் பெண்களில் பலரைக் கடத்திக்கொண்டு போய் ஃபர்னோ தீவுகளில் குடியேறினார்கள். கடல்நாய்கள் தீர்ந்ததும் பறவையைத் தொழிலாக்கினார்கள்: எண்ணெய், மெத்தைக்கு இறகு, உப்பிட்ட கறி. அந்தப் பெண்களின் வாரிசுகள்தான் இன்றைய டாஸ்மேனியப் பழங்குடிச் சமூகத்தின் ஒரு பெரும்பகுதி. 1876-ல் ட்ருகனினி என்ற பெண்மணி இறந்ததும் 'கடைசி டாஸ்மேனியரும் போயாச்சு' என்று உலகத்துக்கே பாடம் நடத்தினார்கள். அதே சமயத்தில் ஃபர்னோ தீவுகளில் ஒவ்வோர் ஏப்ரலும் குடும்பம் குடும்பமாகப் படகேறி, கொட்டகை போட்டு, அந்த 'போயாச்சு' என்ற மனிதர்கள் பறவை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வளைக்குள் தோள் வரை கையை விடவேண்டும். உள்ளே குஞ்சும் இருக்கலாம், புலிப்பாம்பும் இருக்கலாம். அந்த சீசன்தான் சிதறிக் கிடந்த குடும்பங்களை வருடத்துக்கு ஒருமுறை ஒன்று சேர்த்தது. 1995-ல் டாஸ்மேனிய அரசு சட்டம் போட்டு சாப்பல், பேட்ஜர் உள்ளிட்ட சில தீவுகளை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது.

நியூசிலாந்தில் ராகியுரா மாவோரிகளின் பெயர் 'டீட்டீ'. (ஆமாம், டீ இரண்டு தடவை.) பறவையின் கத்தலிலிருந்து பிறந்த மாதிரி ஒலிக்கிற பெயர். 1864-ல் ராகியுராவை, அதாவது ஸ்டூவர்ட் தீவை, பிரிட்டிஷ் அரசுக்கு எழுதிக் கொடுத்தபோதுகூட அதைச் சுற்றியிருந்த 21 டீட்டீ தீவுகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெரிய தீவு போனாலும் போகட்டும், பறவைத் தீவு வேண்டும்! ஏப்ரல் 1 முதல் மே 31 வரை சீசன். முதல் பாதியில் பகலில் வளையில் கை விட்டு எடுப்பது, அதற்கு 'நனாவ்' என்று பெயர். பின்பாதியில், குஞ்சுகள் வெளியே வந்து இறக்கை பழகும்போது, ராத்திரி வெளிச்சத்தில் பிடிப்பது 'ராமா'. பிடித்ததைப் பெரிய கடற்பாசியின் இலையைப் பிளந்து செய்த பையில், அதன் கொழுப்பிலேயே மூழ்கவைத்துப் பாதுகாப்பார்கள். அதற்கு 'போஹா' என்று பெயர். பையைச் சுற்றி மரப்பட்டை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே மாதக்கணக்கில் கெடாது. யார் எந்தத் தீவில் பிடிக்கலாம் என்பது பரம்பரை உரிமை. சீசன் தவிர்த்துக் காலடி வைக்கவும் கட்டுப்பாடு.

இப்போது கணக்குப் பாருங்கள். பறவையைப் பறவையின் பெயரால் அழைத்தவர்கள் நூற்றாண்டுகளாகத் தின்றும் பறவை இருந்தது. 'மட்டன்' என்று பெயர் வைத்தவர்கள் பத்து வருடத்தில் ஒரு தீவையே காலி செய்தார்கள். பெயர்தான் கொன்றது என்று சொல்லவரவில்லை. கொன்ற மனசுதான் அந்தப் பெயரையும் வைத்தது.

ஒரே பறவை, இரண்டு செய்தி

"சரி, பழைய கதை. இன்றைக்குப் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இன்றைக்குத்தான் அதிகம் இருக்கிறது.

2019 கோடையில் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாக் கரைகளில் ஆயிரக்கணக்கில் ஷியர்வாட்டர்கள் பட்டினியால் செத்து ஒதுங்கின. பேரிங் கடல் அந்த வருடம் வழக்கத்தைவிட வெகுவாகச் சூடாக இருந்தது. அதே வருடக் கடைசியில், பூமியின் அடுத்த பாதியில், ஆஸ்திரேலியக் கரைகளின் பல இடங்களுக்கு 'மட்டன் பேர்டு'கள் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேர்ந்தன. 2013 அக்டோபர், நவம்பரிலும் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரை நெடுகச் செத்த 'மட்டன் பேர்டு'கள் ஒதுங்கின. கடற்கரையில் நடக்கப் போனவர் என்ன நினைப்பார்? "மட்டன் பேர்டா? அது வருடா வருடம் சாகும், சகஜம்." அலாஸ்காவில் நிற்பவர் ஷியர்வாட்டர் பற்றிக் கவலைப்படுவார். இரண்டும் ஒரே பறவை, சில சமயம் காலில் அதே வளையம் மாட்டிய அதே பறவை, என்று இருவருக்கும் யார் சொல்வது? பெயர் சொல்லியிருக்க வேண்டும். பெயர்தான் நடுவில் சுவர் வைத்துவிட்டதே.

இன்னொரு உதாரணம். 1961 ஆகஸ்ட் 18 அதிகாலை, கலிஃபோர்னியாவின் கேபிடோலா ஊர்மீது கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து மோதி விழுந்தன. வீட்டுக் கூரை, கார், விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் பறவை. அப்போது 'தி பேர்ட்ஸ்' படத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஹிட்ச்காக் அந்தச் செய்தியைக் கவனித்தார். படம் 1963-ல் வந்தது. அந்தப் பறவைகள் வேறு யாருமில்லை, நியூசிலாந்துத் திசையிலிருந்து வரும் கரும்புகை ஷியர்வாட்டர்கள். பாவம், அவை யாரையும் தாக்க வரவில்லை. நச்சுப் பாசியைத் தின்ற மீன்களைத் தின்று மூளை குழம்பிப்போயிருக்கலாம் என்பது இன்றைய விளக்கம். அந்த 1961-ஆம் வருட மிதவை உயிரி மாதிரிகளிலேயே அந்தப் பாசி இருந்தது பின்னாளில் தெரியவந்தது. ஆக, வடக்கே போனால் பேய்ப்படம், தெற்கே வந்தால் கறி. நடுவில் இருக்கிற பறவையை யாரும் பார்க்கவில்லை.

பறவையைப் பறவையாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1998-ல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் 'கமாண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கசிந்தது. செத்தவற்றில் கரும்புகை ஷியர்வாட்டர்களும் உண்டு. நஷ்ட ஈட்டுப் பணத்தை அந்தப் பறவைக்குத்தான் செலவழிக்க வேண்டும். ஆனால் அது கலிஃபோர்னியாவில் கூடு கட்டுவதில்லையே? கூடு கட்டும் இடத்தைத் தேடிப் பணம் பசிபிக்கைக் கடந்து போனது. 2006-ல் டௌகிஹெபா முதலிய டீட்டீ தீவுகளில் எலிகள் ஒழிக்கப்பட்டன. அதே டௌகிஹெபாவில்தான் 1964-ல் கப்பல் எலி பெருகி, அங்கே கடைசிப் புகலிடம் தேடியிருந்த ஒரு குருவி இனம், ஓர் உள்ளான் இனம், ஒரு வௌவால் இனம் ஆகியவை உலகத்திலிருந்தே போயின. எலி வந்திருக்கிறது என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் அங்கே பறவை பிடிக்கப் போன மாவோரிகள். அமெரிக்க எண்ணெய்ப் பணமும் மாவோரித் தீவும் கைகுலுக்க முடிந்தது எப்படி? இரண்டு கரையிலும் இது ஒரே பறவை என்று யாரோ ஒருவர் புரிந்துகொண்டதால்.

அதே 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று, நியூசிலாந்தில் சிறு கருவி மாட்டி அனுப்பிய ஷியர்வாட்டர்கள் ஒரு வருடச் சுற்றில் சராசரியாக 64,000 கிலோமீட்டர் பறந்ததைக் காட்டியது. ஜப்பான், அலாஸ்கா, கலிஃபோர்னியா என்று கடல்மேல் ஒரு பெரிய எட்டு போட்டுத் திரும்பி வருகின்றன. இப்படிப்பட்ட ஒரு பறவையைக் காக்க வேண்டுமானால் எத்தனை நாடுகள் பேசிக்கொள்ள வேண்டும்! பெயரே ஒத்துப்போகாவிட்டால் என்ன பேசுவது?

எதிர்வாதங்கள்

ஒன்று: "அவர்களே 'மட்டன் பேர்டிங்' என்றுதானே சொல்கிறார்கள்?" உண்மை. டாஸ்மேனியப் பழங்குடிகளும் ராகியுரா மாவோரிகளும் ஆங்கிலம் பேசும்போது இந்தச் சொல்லைப் பெருமையோடு சொல்கிறார்கள். இதுதான் பலமான எதிர்வாதம். இதைத் தாண்டாமல் மேலே பேச முடியாது. ஆனால் ஒரு சொல்லை யார், எங்கே சொல்கிறார்கள் என்பது முக்கியம் இல்லையா? பாட்டி பேரனை 'குண்டா' என்று கூப்பிடலாம். அதில் பாசம் இருக்கிறது, அவனுக்குச் சோறு போட்ட உரிமை இருக்கிறது. அதையே பள்ளி வருகைப் பதிவேட்டில் எழுதினால்? பாம்பு இருக்கும் வளையில் கை விட்டு, ஒரு சமூகமே இல்லை என்று அரசு சொன்ன காலத்தில் அந்தச் சமூகத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அந்தச் சொல்லின்மேல் உரிமை இருக்கிறது. அவர்கள் சொல்லட்டும். கரையில் நடைபோகிறவருக்கும், சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்துக்கும், செய்தி வாசிப்பவருக்கும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

இரண்டு: "விஞ்ஞானிகள் மட்டும் ஒழுங்கா?" இதுவும் நல்ல கேள்வி. ஷியர்வாட்டர்களின் பேரினப் பெயர் நீண்டகாலம் 'பஃபினஸ்'. 'பஃபின்' என்பது முதலில் பிரிட்டிஷ் தீவுகளில் மேங்க்ஸ் ஷியர்வாட்டரின் கொழுத்த குஞ்சுக் கறிக்கு வழங்கிய பெயர். பிற்பாடு அந்தப் பெயர் வண்ண மூக்குள்ள வேறொரு பறவைக்குப் போய்விட்டது. அதாவது லத்தீன் போர்வைக்குள்ளும் சமையலறைதான்! ஒத்துக்கொள்ள வேண்டியதே. ஆனால் இதிலிருந்து கற்க வேண்டியது என்ன? கறியை வைத்துப் பெயரிட்டால் பெயர் பறவை விட்டுப் பறவை தாவும் என்பதைத்தான். வடக்கே ஒருமுறை நடந்த அதே குழப்பம் தெற்கே ஐந்து பறவைகளோடு நடந்திருக்கிறது. அவர்களும் தப்பு செய்தார்கள் என்பது இவர்கள் தப்புக்கு நியாயம் ஆகாது. நம் குட்டைவாலும் கரும்புகையும் இப்போது 'ஆர்டென்னா' என்ற பேரினத்துக்கு மாறியாயிற்று.

மூன்று: "இது சைவப் பிரசாரம்." இல்லவே இல்லை. நியூசிலாந்தின் ஸ்நேர்ஸ் தீவுகளில் யாரும் பறவை பிடிப்பதில்லை, எலியும் இல்லை. அங்கேயே 1970-ஐ ஒட்டிய எண்ணிக்கைக்கும் 1990-களின் கடைசிக்கும் இடையில் வளைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. தின்பவர்களால் அல்ல. கடலில் என்னவோ நடந்திருக்கிறது. வட பசிபிக்கில் மிதவை வலைகள் கணக்கில்லாமல் கொன்றன, ஐ.நா. தீர்மானத்தால் 1992 கடைசியோடுதான் அவை நிறுத்தப்பட்டன. அப்புறம் சூடாகும் கடல், பிளாஸ்டிக். தின்பவர்கள் செய்தது என்ன தெரியுமா? சில ராகியுரா குடும்பங்கள் எத்தனை பிடித்தோம், குஞ்சு எப்படி இருந்தது என்று வருடக்கணக்கில் குறித்து வைத்திருந்தன. ஓடாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டியபோது, எல் நினோ வருவதற்கு முன்பே குஞ்சுகள் இளைப்பதும் பிடிப்பு குறைவதும் தெரிந்தது. தின்பவன் கவனிப்பான், கவனிக்காவிட்டால் அடுத்த வருடம் தின்ன முடியாது. ஆகவே சண்டை சாப்பாட்டோடு இல்லை. சாப்பிடவும் இல்லாமல், பார்க்கவும் இல்லாமல், 'மட்டன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு.

நான்கு: "கோடிக்கணக்கில் இருக்கிறதே, என்ன அவசரம்?" குட்டைவாலுக்கு இன்றைய மதிப்பீடு சுமார் 2.3 கோடி. நிறையத்தான். ஃப்ளிண்டர்ஸ் ஒன்றரை மணி நேரத்தில், ஒரே இடத்தில் போட்ட கணக்கு பத்துக் கோடிக்கும் மேல். அவர் கணக்கில் மிகை இருக்கலாம், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கரும்புகை ஷியர்வாட்டரை உலகச் செம்பட்டியல் 'அழிவை நெருங்குவது' என்று வைத்திருக்கிறது. 'மட்டன்' என்ற பெயரில் ஒரு மயக்கம் உண்டு: அது எப்போதும் கிடைக்கிற சரக்கு மாதிரி ஒலிக்கிறது. சரக்கு தீர்ந்தால் அடுத்த லோடு வரும். பறவை வராது. ஒரு வருடத்துக்கு ஒரே முட்டை என்பதை மறக்க வேண்டாம். முதல் முட்டையிடவே ஐந்து வயதுக்கு மேல் ஆகும்.

அப்போது என்னதான் செய்வது?

புதுப்பெயர் எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், கமிட்டி போடவும் வேண்டாம். இருக்கிற பெயர்கள் போதும். டாஸ்மேனியாவில் யோலா. பழங்குடிகள் ஆங்கிலத்தில் 'நிலாப் பறவை' என்றும் சொல்கிறார்கள், அதைவிட அழகாக எவராலும் வைக்க முடியாது. நியூசிலாந்தின் தெற்கே டீட்டீ, வடக்கே ஓய். ஊர் தாண்டிப் பேசும்போது, எந்த இனம் என்று அடைமொழியோடு ஷியர்வாட்டர் அல்லது பெட்ரல். காஃப்ஸ் ஹார்பர் தீவுக்குக்கூட கும்பைங்கிர் மக்களின் பெயர் ஒன்று இருக்கிறது: கிடானி மீர்லார்ல், நிலாவின் இடம். பெயர்ப் பலகையில் அதுவும் இருக்கிறது. வாயில்தான் வரவேண்டும்.

'மட்டன் பேர்ட்' என்ற சொல்லையே கொளுத்திவிட வேண்டுமா? வேண்டாம். அதற்கும் ஓர் இடம் உண்டு. பிடித்து, இறகு நீக்கி, உப்பிட்டு, போஹாவிலோ வாளியிலோ அடைத்து, கடைசியில் தட்டுக்கு வந்தபின் அதை மட்டன் பேர்ட் என்று தாராளமாகச் சொல்லலாம். அது கறியின் பெயர், கறிக்கே இருக்கட்டும். ஆங்கிலம் ஏற்கெனவே ஆட்டுக்கு இதைத்தான் செய்கிறது. வயலில் நின்றால் 'ஷீப்', தட்டில் கிடந்தால் 'மட்டன்'.

64,000 கிலோமீட்டர் பறந்து வருகிற பறவைக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். அவ்வளவுதான் கேட்பது. ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை!